இந்த வருஷம் பிடித்த படங்கள்: இதில் நம்ம ஏரியா எங்கே?

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் ஆளுக்கொரு பட்டியல் வந்துவிடும். ஆண்டின் சிறந்த பத்துப் படங்கள், சிறந்த பாட்டுகள், சிறந்த வில்லன்கள். பத்திரிகைகள் போடும், யூடியூப் சேனல்கள் போடும், நண்பர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார்கள். 2024 முடியப்போகிற இந்த வாரம் எங்கள் கைக்கும் ஒரு பட்டியல் வந்தது. அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

ஒரகடம் சிப்காட்டை ஒட்டிய ஒரு காலனியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் படிப்பு வட்டம் நடத்துகிறோம். ஷிப்ட் முடித்து வருபவர்கள், ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்கள், கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் என்று பதினைந்து இருபது பேர் கூடுவோம். அதில் ஒரு தம்பி சரியான சினிமா ரசிகர். ஒரு உதிரிபாக ஆலையில் டிரெய்னியாக இருக்கிறார். பார்த்த படத்தையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். தேதி, தியேட்டரா போனா, யாருடன் பார்த்தது, எத்தனை மார்க் என்று எல்லாம் அதில் இருக்கும். போன ஞாயிறு அந்த நோட்டைக் கொண்டுவந்து தன் பட்டியலை வாசித்தார். முதலிடம் லப்பர் பந்து. அடுத்து மகாராஜா, மெய்யழகன், ஜெ.பேபி, ப்ளூ ஸ்டார், வாழை. அதற்குப் பிறகு நாலைந்து மலையாளப் படங்கள்.

தங்கலான் இல்லை. எங்களில் இரண்டு பேருக்கு முகம் மாறிவிட்டது. "ஏன் தம்பி?" என்று கேட்டோம். "நைட் ஷிப்ட் முடிச்சுட்டு காலைல ஷோவுக்குப் போனேன்க்கா. பேசுறது பாதி காதுல விழல. இன்டர்வெலுக்கு அப்புறம் தூங்கிட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி ஆகஸ்ட் மாதம் முழுக்கப் பேசித் தீர்த்தவர்கள் நாங்கள். நிலம், மிராசு, வரலாறு, தொன்மம் என்று ஒரு சிறு வகுப்பே எடுத்துவிட்டோம். தம்பி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரிக்கா. இத்தனை படத்துல நம்ம ஏரியா எங்க?"

அவருடைய பட்டியலிலும் இல்லை, எங்கள் பட்டியலிலும் இல்லை. ஒரு வாரமாக அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறோம்.

முதலில் எங்கள் பட்டியலைச் சொல்லிவிடுகிறோம். இந்த ஆண்டு தலித் வாழ்வைப் பேசிய படங்கள் ஒன்றிரண்டு அல்ல. ஜனவரியில் ப்ளூ ஸ்டார், மார்ச்சில் ஜெ.பேபி, ஆகஸ்டில் தங்கலானும் வாழையும், செப்டம்பர் 20 அன்று ஒரே நாளில் லப்பர் பந்தும் நந்தனும், இப்போது டிசம்பரில் விடுதலை இரண்டாம் பாகம். பத்து வருஷத்துக்கு முன் 'மெட்ராஸ்' வந்தபோது சுவரில் இருக்கும் நீல வண்ணத்தைக் கண்டுபிடித்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம். இன்று படங்களைத் தேர்ந்தெடுத்து, இது நன்றாக இல்லை என்று சொல்லும் வசதி நமக்கு வந்திருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை.

எங்களுக்கு முதலிடம் வாழை. மாரி செல்வராஜ் தன் சிறுவயதை எடுத்து வைத்த படம். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிற சிவனைந்தன் சனி ஞாயிறானால் தலையில் வாழைத்தார் சுமக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் கடன். தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்கிறார்கள் ஊர்க்காரர்கள். வேலையை நிறுத்தி நின்று அந்த ஒரு ரூபாயை வாங்கியும் விடுகிறார்கள். கூட்டிக் கொடுத்ததை வேறு வழியில் ஈடுகட்ட நினைக்கிற தரப்பு, ஆட்களை ஏற்றிப்போக தனி வண்டி அனுப்பாமல் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரவைத்து அனுப்புகிறது. லாரி கவிழ்கிறது. படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் பலர் அந்தப் பையனின் பசியைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் வட்டத்தில் இருப்பவர்கள் லாரியைப் பற்றிப் பேசினார்கள். வந்தவாசி, செய்யாறு, அரக்கோணம் பக்கமிருந்து விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறி இங்கே வேலைக்கு வருபவர்களுக்கு, வண்டிச் செலவை யார் எங்கே குறைப்பார்கள், அதை யார் உடம்பால் கட்டுவார்கள் என்பது உடனே புரிகிறது.

தங்கலானை இன்னமும் விட்டுக்கொடுக்க நாங்கள் தயாரில்லை. 1850களின் வட ஆற்காட்டில் சொந்த நிலத்தில் பயிர் செய்யும் ஒரு குடும்பம். விளைந்த பயிர் எரிகிறது, வரி கட்ட முடியாமல் நிலம் மிராசுதாரர் கைக்குப் போகிறது, உழுதவர்கள் பண்ணையாட்கள் ஆகிறார்கள். பிறகு வெள்ளைக்காரரோடு தங்கம் தேடிப் போகிறார்கள். கோலார் தங்க வயலுக்கு வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆட்கள் போனது வரலாறு. இயக்குநர் பா.இரஞ்சித் அதைத் தொன்மத்தோடு கலந்து சொன்னார். கலந்த விதத்தில் எங்களுக்கும் விமர்சனம் உண்டு. ஆனால் பசுபதி நடித்த பாத்திரத்தை மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பூணூல் போட்டு, வைணவ அடையாளம் தரித்து, அந்த வழியில் மரியாதை கிடைத்துவிடும் என்று நம்புகிற சேரி மனிதர் அவர். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டித்தான் தினமும் கம்பெனி பஸ் போகிறது. அந்த நம்பிக்கையின் கதை இங்கேயும் உண்டு.

நிலத்தின் கதையும் இங்கேயே உண்டு. அந்நாள் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர் மக்கள் நிலமற்றவர்களாக எப்படி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 1891-ல் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணைதான் நாம் பஞ்சமி நிலம் என்று பேசுவதற்கெல்லாம் தொடக்கம். சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்ளேயேதான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர்விட்டார்கள். ஆக, தங்கலான் இழந்த நிலத்தின் அடுத்த அத்தியாயம் நாம் நிற்கிற இந்த ஜில்லாவில் நடந்தது. அதை யாரும் இன்னும் படமாக எடுக்கவில்லை.

ப்ளூ ஸ்டாரும் லப்பர் பந்தும் கிரிக்கெட் வழியாகச் சாதியைப் பேசின. முதல் படத்தில் அரக்கோணத்துக் காலனிப் பையன்களும் ஊர்ப் பையன்களும் முதலில் மோதிக்கொண்டு, அவர்கள் இருவரையுமே மதிக்காத மேட்டுக்குடி கிளப் முன்னால் போய் நிற்கும்போது ஒன்று சேர்கிறார்கள். இரண்டாவது படத்தில் அன்புவுக்குத் திறமை இருந்தும் ஊர் அணியில் இடம் கிடைப்பதில்லை. தம்பி அதற்கு முதலிடம் கொடுத்ததற்குக் காரணம் கேட்டோம். "சிரிச்சுக்கிட்டே பார்க்கலாம்க்கா. ஆனா ஏன் டீம்ல சேர்க்கலனு எல்லாருக்கும் தெரியுது" என்றார். பல விமர்சனக் கட்டுரைகளைவிட இது நல்ல விமர்சனம். ஜெ.பேபியில் ஊர்வசி காணாமல் போன அம்மாவாக வருகிறார். பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு மகன்கள் அவரைக் கூட்டிவரக் கொல்கத்தாவுக்குப் போகிறார்கள். நம் வீட்டில் சண்டை, பாசம், கோமாளித்தனம் எல்லாம் உண்டு என்று காட்டுவதற்கும் ஒரு படம் தேவைப்பட்டது.

நந்தன் கலையாக எத்தனை மார்க் வாங்கும் என்பது வேறு. பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தன்னிடம் வேலை செய்பவரை நிறுத்தி, தான் ஆள நினைக்கும் ஆதிக்க சாதிக்காரரின் கதையை அது நேரடியாகச் சொன்னது. 1997-ல் மேலவளவு முருகேசன் கொல்லப்பட்டதும், 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான ஒரு பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டதும் தெரிந்தவர்களுக்கு அந்தப் படத்தில் மிகை எதுவும் தெரியாது.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன படங்களை அவை நடக்கும் காலப்படி அடுக்கிப் பாருங்கள். தங்கலான் 1850கள். விடுதலை சில பத்தாண்டுகளுக்கு முன். வாழையும் ப்ளூ ஸ்டாரும் தொண்ணூறுகளின் கடைசி. இன்றைய காலத்துக்கு வருகிற நந்தனும் லப்பர் பந்தும் கிராமத்திலும் கிரிக்கெட் மைதானத்திலும் நிற்கின்றன. உழைப்பைப் பற்றி இந்த ஆண்டு வந்த நல்ல படங்களில் சுரங்கம் இருக்கிறது, வாழைத்தோட்டம் இருக்கிறது, விடுதலையில் சர்க்கரை ஆலைத் தொழிலாளர் சங்கம்கூட இருக்கிறது. ஆனால் எல்லாமே போன காலத்து உழைப்பு. இன்று காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போன ஒரு ஆள் எதிலும் இல்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். படம் பார்த்துவிட்டு வருபவர்கள் பேசுவதைக் கவனித்தால் தெரியும். "அந்தக் காலத்துல எவ்வளவு கொடுமை பாருங்க" என்பார்கள். கண்கலங்குவார்கள். அது பொய்க் கண்ணீர் இல்லை. ஆனால் 'அந்தக் காலம்' என்ற சொல் அவர்களுக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்துவிடுகிறது. இந்த வாரத்தோடு வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டு இரண்டு ஆண்டு முடிகிறது. ஜூலை 5 அன்று ஆம்ஸ்ட்ராங் அண்ணன் சென்னையில் வெட்டிக் கொல்லப்பட்டதும் இதே ஆண்டில்தான். காலம் மாறிவிட்டது என்று நம்மால் சொல்லிக்கொள்ள முடியாது. முதலாளியும் மிராசுதாரரும் வேட்டி கட்டி மீசை முறுக்கி வந்தால்தான் சாதி கண்ணுக்குத் தெரியும் என்று பார்வையாளர் பழகிவிட்டால், அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வரும் சாதி அவருக்குத் தெரியாமல் போகும்.

இங்கே அது எப்படி வருகிறது? ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளி, டிரெய்னி, அப்ரென்டிஸ், காண்ட்ராக்ட் என்று நான்கு வகை ஆட்கள். வேலை ஒன்று, சம்பளம் நான்கு. யூனிஃபார்ம் நிறத்தைப் பார்த்தே யார் எந்த வகை என்று சொல்லிவிடலாம். நிலம் கொடுத்த கிராமத்துப் பையன் வேலை கேட்டுப் போனால் "லோக்கல் ஆள் வேண்டாம்" என்று கான்ட்ராக்டர் சொல்வதை எங்கள் காதால் கேட்டிருக்கிறோம். பட்டா வைத்திருந்த குடும்பத்துக்கு நிலத்துக்கான பணம் வந்தது, வீடு வந்தது, வாடகைக்கு விட அறைகள் வந்தன. அதே நிலத்தில் நாற்று நட்ட காலனிக் குடும்பத்துக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை வந்தது. அந்த அறைகளில் ஒன்றை வாடகைக்குக் கேட்டுப் போனால் முதல் கேள்வி, "தம்பிக்கு எந்த ஊரு?" ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, "ஊர்லயா, காலனிலயா?" சாதி தொழிலாளர்களையே படிப்படியாகப் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936-லேயே காட்டியதை நாங்கள் எம்.ஏ. வகுப்பில் படித்தோம். ஒரகடத்தில் அதை வாடகை ரூம் வாசலில் நின்று படிக்கலாம்.

படமாக எடுக்க இங்கே கதையா இல்லை? ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பரில் மூடியது. நடுவே 2010-ல் இயந்திரத்தில் சிக்கி ஒரு இளம்பெண் தொழிலாளி இறந்தார். இருபது வயதில் முதல் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் ஒரே வருஷத்தில் ஊருக்குத் திரும்பினார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே போய் உட்கார்ந்தார்கள். தலைவர் யாரும் அழைத்து வரவில்லை, வாட்ஸ்அப் செய்திகளே போதுமாக இருந்தன.

இந்த ஆண்டு? தங்கலான் வெளியான ஆகஸ்ட் 15-க்கு இரண்டு நாள் கழித்து, வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிட அதிகமான இளம்பெண்கள் ஒரே வளாகத்தில். அவர்கள் என்ன சாதி, எந்த மாவட்டம், ராத்திரி என்ன பேசிக்கொள்வார்கள், யாரைக் காதலிப்பார்கள், வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவார்கள்? செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஃபிரிட்ஜும் டிவியும் வாஷிங் மெஷினும் செய்கிறவர்கள் 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள். முக்கியமான கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன, அக்டோபர் 15 அன்று பேச்சுவார்த்தையில் போராட்டம் முடிந்தது. 2024 முடிகிற வரை சங்கப் பதிவு முடிந்தபாடில்லை. வாழையில் ஒரு ரூபாய்க்காக ஊரே வேலையை நிறுத்தியதைப் பார்த்துத் தியேட்டரில் விசில் அடித்தவர்கள், அதே வாரங்களில் இங்கே நடந்த வேலைநிறுத்தத்தை "இவங்களாலதான் கம்பெனி வேற ஸ்டேட்டுக்குப் போகுது" என்று பேசியதையும் கேட்டோம். திரையில் பார்த்ததற்கும் ரோட்டோரப் பந்தலுக்கும் நடுவே ஒரு படம் குறைகிறது என்று எங்களுக்குத் தோன்றியது அப்போதுதான்.

எடுக்க முடியும் என்பதற்கு இந்த ஆண்டே ஓர் உதாரணம் இருக்கிறது. பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' மே மாதம் கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. மும்பை ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மூன்று பெண்கள். ஒருவர் பார்வதி. இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த வீடு தன்னுடையது என்று காட்ட அவரிடம் காகிதம் இல்லை, அதனால் பில்டர் காலி செய்யச் சொல்கிறார். பஞ்சமி நிலத்துக்குக் காகிதம் தேடித் தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்குப் பார்வதியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பெரிய வசனம் எதுவும் பேசாமல், ரயில், சமையலறை, ரூம்மேட் என்று இன்றைய வேலைக்காரப் பெண்களின் நாளை அந்தப் படம் எடுத்துவிட்டது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. இரஞ்சித்தும் மாரியும்தான் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா? நூறு வருஷமாகச் சினிமாவில் நம் வரலாறே இல்லாதபோது, முதலில் அதை எடுப்பதுதானே முறை? ஒத்துக்கொள்கிறோம். 1850ஐ அவர்கள் எடுத்திருக்காவிட்டால் வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். 'மெட்ராஸ்', 'காலா' என்று நிகழ்காலத்தையும் இரஞ்சித் எடுத்தவர்தான். ஆகவே இதை அவர்கள்மேல் புகாராக வைக்கவில்லை. காசு போடுகிற தயாரிப்பாளருக்கு எண்பதுகளின் கொடுமை ஆபத்தில்லாதது, இன்றைய கம்பெனி கேட் ஆபத்தானது. கேட்டுக்குள்ளே போகும்போது நம் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் போனையே லாக்கரில் வாங்கி வைக்கிறார்கள். உலகத்துக்குப் போன் செய்து அனுப்புகிற ஊரில், வேலை நடக்கிற இடத்தைப் படம் பிடிக்க நமக்கு அனுமதி இல்லை. வெளியிலிருந்து வரும் இயக்குநருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அதனால் நம்மால் ஆவதிலிருந்து தொடங்கலாம். ஸ்டிக்கர் கேமராவுக்குத்தான், நோட்டுக்கு இல்லை. படிப்பு வட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். ஜனவரியிலிருந்து மாதம் ஒரு படம் சேர்ந்து பார்ப்போம். முதலில் ப்ளூ ஸ்டார், அடுத்து வாழை. பார்த்த பிறகு விமர்சனம் எழுத வேண்டாம். அவரவர் ஒரு ஷிப்டை எழுதி வர வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், வண்டியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், கேன்டீனில் யாரோடு சாப்பிட்டீர்கள், சூப்பர்வைசர் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், யாரை "ஏய்" என்றார். ஒரு பக்கம் போதும். பெயரும் கம்பெனியும் எழுத வேண்டாம், வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. கல்லூரியில் படிக்கிற தோழர்கள் அந்தப் பக்கங்களைச் சேர்த்து, குறும்படமாக எடுக்க முடியுமா, நாடகமாகப் போட முடியுமா என்று பார்க்க வேண்டும். வெளியூரில் இருந்து இதைப் படிக்கிற மாணவர்கள் உங்கள் ஊர் சிப்காட்டில், மில்லில், தோல் தொழிற்சாலையில் இதையே செய்யலாம். செய்தால் எங்களுக்கும் எழுதுங்கள்.

தம்பியிடம் ஒரு ஒப்பந்தமும் போட்டிருக்கிறோம். பகல் ஷிப்ட் வாரமாகப் பார்த்து, நன்றாகத் தூங்கி எழுந்து, எங்களோடு உட்கார்ந்து தங்கலானை இன்னொரு முறை பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். பதிலுக்கு நாங்கள் மகாராஜாவைப் பார்க்க வேண்டும். எங்களில் மூன்று பேர் அதை இன்னும் பார்க்கவில்லை என்பது அன்றுதான் வெளியே வந்தது. "படமே பார்க்காம எப்படிக்கா பட்டியல் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெய்பீம்!